அம்மி, ஆட்டுக்கல், மாஸ்டா

மெல்போர்னில் படிக்கும் அக்கா மகன் ஒரு பழைய காரின் விளம்பரத்தை அனுப்பி, "மாமா, இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். மாஸ்டா ஆர்எக்ஸ்-8. விலை அநியாயத்துக்குக் குறைவு. ஆனால் அவனைக் குழப்பியது விலை இல்லை, பக்கத்தில் போட்டிருந்த இரண்டு எண்கள். எஞ்சின் 1.3 லிட்டர். திறன் சுமார் 230 குதிரைத்திறன்.

நம் ஊரில் தெருவுக்கு நாலு நிற்கும் ஸ்விஃப்ட்டில் 1.2 லிட்டர் எஞ்சின். அதன் திறன் 80, 90 குதிரைத்திறன். கிட்டத்தட்ட அதே அளவுள்ள எஞ்சின் எப்படி இரண்டரை மடங்கு இழுக்கும்? "டர்போவா மாமா?" இல்லை. "அப்போ அச்சுப்பிழையா?" அதுவும் இல்லை. அவனுக்குப் போனில் சொல்ல ஆரம்பித்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது. மாஸ்டா என்ற கம்பெனியை ஏன் உலகம் முழுக்க ஒரு கூட்டம் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடுகிறது என்பதற்கும் இந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான்.

முதலில் எஞ்சின். எந்த பெட்ரோல் எஞ்சினுக்கும் நாலு வேலை உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே வர வேண்டும். அதை அமுக்க வேண்டும். பொறி வைத்து எரிக்க வேண்டும். எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். நம் வண்டிகளில் இதைச் செய்வது பிஸ்டன். உருளைக்குள் மேலே போகும், நிற்கும், திரும்பிக் கீழே வரும், நிற்கும், மறுபடி மேலே போகும். அம்மியில் தேங்காய் அரைப்பவர் கையைப் பாருங்கள்: குழவி முன்னே போய் நின்று, பின்னே வந்து நின்று, மறுபடி முன்னே போகும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் பிஸ்டன் ஒரு நொடியில் 200 முறை நின்று திரும்புகிறது. கார் ஓட வேண்டுமானால் சக்கரம் சுற்ற வேண்டும். ஆனால் எஞ்சினுக்குள் நடப்பதோ முன்னே பின்னே ஆட்டம். அதைச் சுழற்சியாக மாற்ற ஒரு கிராங்க் தண்டு, காற்றை விடவும் அடைக்கவும் வால்வுகள், அந்த வால்வுகளை இயக்க இன்னொரு தண்டு என்று சாமான் பெருகிக்கொண்டே போகும்.

அம்மிக்குப் பதில் ஆட்டுக்கல் இருந்தால்? ஆட்டுக்கல்லில் குழவி நின்று திரும்புவதே இல்லை. குழியின் சுவரை ஒட்டிக்கொண்டே வட்டமாகப் போய்க்கொண்டிருக்கும். பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் இந்த வகை எஞ்சினைத்தான் யோசித்தார். என்எஸ்யு என்ற ஜெர்மன் கம்பெனியில் 1957இல் அது முதல் முறையாக ஓடியது. ரோட்டரி எஞ்சின் என்பார்கள். வாங்கெல் எஞ்சின் என்றும் பெயர்.

அதன் உள்ளே இருப்பது உப்பிய சமோசா மாதிரி ஒரு உலோக முக்கோணம். இதுதான் ரோட்டார். அது சுற்றும் கூடு வட்டமாக இருக்காது. வேர்க்கடலையின் ஓடு போல நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கியிருக்கும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே சுற்றும். அப்போது முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன இல்லையா? சுற்றச் சுற்ற ஒவ்வொரு அறையும் பெரிதாகும், சிறிதாகும். பெரிதாகும்போது காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும். சிறிதாகும்போது அமுக்கும். எரிந்ததும் மறுபடி பெரிதாகி ரோட்டாரைத் தள்ளும். திரும்பச் சிறிதாகிப் புகையைத் துப்பும். காற்று வரும் துளையையும் புகை போகும் துளையையும் ரோட்டாரே கடந்து போகும்போது மூடித் திறந்துவிடுகிறது. வால்வே வேண்டாம். இரண்டு ரோட்டார் உள்ள ஒரு எஞ்சினில் முக்கியமாக அசையும் பாகங்கள் மூன்றுதான்: இரண்டு ரோட்டார், நடுவில் ஒரு தண்டு.

இப்போது அந்த 1.3 லிட்டர் கணக்கு. ரோட்டார் ஒரு முறை சுற்றினால் நடுவிலுள்ள தண்டு மூன்று முறை சுற்றும்படி பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். ரோட்டாரின் மூன்று பக்கமும் ஆளுக்கு ஒரு முறை எரிவதால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வழக்கமான பிஸ்டனில் இரண்டு சுற்றுக்குத்தான் ஒரு வெடிப்பு. ஆகவே 1.3 லிட்டர் ரோட்டரி என்பது வேலையளவில் 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் வாகன வரி போடும்போதே ரோட்டரியின் அளவை 1.5ஆல் பெருக்கிக்கொள்வார்கள். விளம்பரம் பொய் சொல்லவில்லை, அளக்கும் படி வேறு, அவ்வளவுதான். அப்புறம் நின்று திரும்பும் பாகம் இல்லாததால் எஞ்சின் அதிராமல் வேகமெடுக்கும். ஆர்எக்ஸ்-8இன் சிவப்புக் கோடு, அதாவது இதற்கு மேல் விரட்டாதே என்ற எல்லை, நிமிடத்துக்கு 9000 சுற்றில் இருக்கிறது. சாதாரணக் கார் 6500இல் மூச்சு வாங்கும்.

இவ்வளவு நல்ல சரக்கு என்றால் எல்லாரும் ஏன் செய்யவில்லை என்று மருமகன் கேட்டான். எல்லாரும் முயன்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், மெர்சிடிஸ், சிட்ரோயன் எல்லாருமே. கண்டுபிடித்த என்எஸ்யு 1967இல் ரோ 80 என்ற அழகான காரை விட்டது. எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. இலவசமாக மாற்றிக் கொடுத்தே கம்பெனி நொடித்து, 1969இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் விரலைக் காட்டிக்கொள்வார்களாம், இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்று சொல்ல. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஹிரோஷிமாவில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி.

அந்தக் கம்பெனி 1920இல் ஆரம்பித்தபோது காருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பெயர் டோயோ கார்க் கோக்யோ. பாட்டில் மூடிக்கும் மற்ற வேலைகளுக்கும் ஆகும் தக்கை செய்தார்கள். அடுத்த வருடம் பொறுப்பேற்ற ஜுஜிரோ மட்சுடா மீனவர் வீட்டுப் பிள்ளை, கொல்லுப்பட்டறையில் வேலை பழகியவர். தக்கையோடு நிற்க அவருக்கு மனமில்லை. இயந்திரங்கள் பக்கம் போனார். 1931இல் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. முன்பக்கம் மோட்டார் சைக்கிள், பின்பக்கம் தொட்டி. நம் ஊர் சரக்கு ஆட்டோவின் பெரியப்பா என்று சொல்லலாம். மாஸ்டா என்ற பெயர் பாரசீகத்தின் பழைய சமயத்தில் ஞானத்தின் கடவுளான அஹுரா மஸ்டாவிலிருந்து வந்தது என்று கம்பெனி சொல்கிறது. நம் நாட்டுப் பார்சிகள் வணங்குவதும் அவரைத்தான். முதலாளியின் பெயர் மட்சுடா என்பதும் தற்செயல் இல்லை. ஜப்பானியர் வாயில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். கடவுள் பெயரையும் வைத்தாயிற்று, தன் பெயரையும் வைத்தாயிற்று!

1945 ஆகஸ்ட் 6. ஜுஜிரோவுக்கு அன்று 70ஆவது பிறந்தநாள். காலையில் குண்டு விழுந்தது. ஆலை இருந்த ஃபுச்சு, குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி. நடுவில் ஹிஜியாமா என்ற சிறு குன்று. அந்தக் குன்றின் மறைவால் ஆலைக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. ஆனால் நகருக்குள் வேலைக்குப் போயிருந்த ஊழியர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கம்பெனி இழந்தது. ஜுஜிரோ தப்பினார். நகரில் அரசு அலுவலகங்கள் எல்லாம் சாம்பலாகிவிட்டதால் மாகாண நிர்வாகம் கொஞ்ச காலம் இந்த ஆலைக் கட்டடத்திலிருந்துதான் நடந்தது. நாலே மாதத்தில், அந்த டிசம்பரில், மூன்று சக்கர வண்டி மறுபடி ஆலையிலிருந்து வெளியே வந்தது. ஊரை எடுத்துக் கட்டச் செங்கல்லும் மரமும் சுமந்தது அந்த வண்டிதான். ஹிரோஷிமாக்காரர்கள் மாஸ்டாவைப் பற்றிப் பேசும் தொனி ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பது இங்கே புரியும். அவர்கள் உயிரை விடும் பேஸ்பால் அணியின் பெயர் ஹிரோஷிமா டோயோ கார்ப். நடுவிலுள்ள டோயோ இந்தக் கம்பெனியின் பழைய பெயர்தான்.

1960இல் முதல் கார் வந்தது, ஆர்360 என்று ஒரு குட்டி. அப்போது டோக்கியோவில் இருந்த அரசு, நாட்டில் கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சின்னவற்றைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று திட்டம் போட்டது. ஜுஜிரோவின் மகன் சுனேஜி மட்சுடாவுக்கு ஒன்று விளங்கியது. வேறு எவரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்கலாம். ஜெர்மனிக்குப் போய்ப் பேசி, 1961இல் என்எஸ்யுவிடமிருந்து ரோட்டரி உரிமத்தை வாங்கினார்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வாங்கியது தலைவலி என்று. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் சுவரோடு உரசும் மெல்லிய பட்டைகள் இருக்கும். அறைக்கு அறை காற்று கசியாமல் அடைப்பது அவைதான். முனை சீல் என்பார்கள். வேகமாகச் சுற்றும்போது அவை அதிர்ந்து கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறின. அந்தக் கீறல்களுக்கு ஹிரோஷிமாப் பொறியாளர்கள் வைத்த பெயர் "பிசாசின் நகக்கீறல்". கொஞ்ச நேரம் ஓடினால் போதும், எஞ்சின் உள்ளே பிறாண்டப்பட்டுக் கிடக்கும்.

இதைச் சரிசெய்ய 1963இல் ஒரு தனிப் பிரிவு உருவானது. தலைவர் கெனிச்சி யமமோட்டோ. பொறியியல் பட்டம் பெற்றும் போருக்குப் பிறகு வேறு வழியில்லாமல் இதே ஆலையில் கியர்பெட்டி பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தவர். அந்தக் குழுவில் 47 பேர். ஜப்பானில் 47 என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும்: தங்கள் தலைவனுக்காகக் காத்திருந்து 1703இல் பழி தீர்த்த 47 சாமுராய்கள். யமமோட்டோவும் அந்த ஒப்பீட்டைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். முதலில் சீலின் உள்ளே குறுக்குத் துளைகள் போட்டு அது அதிரும் விதத்தை மாற்றிப் பார்த்தார்கள். கீறல் குறைந்தது. பிறகு கரியில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து ஒரு புதுப் பட்டை. கரி தானே வழுக்கிக்கொடுக்கும், அலுமினியம் உடையாமல் தாங்கும். பிசாசு ஓய்ந்தது.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 982 சிசி, 110 குதிரைத்திறன், விண்கலம் மாதிரி தாழ்ந்த உடம்பு. கையால் கட்டியது போல மெதுவாகத்தான் கட்டினார்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். அடுத்த வருடம் இரண்டு காஸ்மோக்களை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். எழுத்துப் பிழை இல்லை, எண்பத்து நாலு மணி நேரம்தான். ஒன்று 82ஆவது மணியில் அச்சு உடைந்து நின்றது. இன்னொன்று நாலாவது இடத்தில் முடித்தது. ரோட்டரி ஓடாது என்று சொன்னவர்கள் வாயை மூட அது போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு குறையை மட்டும் அவர்களால் கழுவ முடியவில்லை: தாகம். ரோட்டரியில் எரியும் அறை நீளமாக, ஒல்லியாக, நகர்ந்துகொண்டே இருக்கும். தீ ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் அறையே இடம் மாறிவிடும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே புகையோடு போய்விடும். சுவர்ப்பரப்பு அதிகம் என்பதால் சூடும் வீணாகும். முனை சீல்களை வழவழப்பாக வைக்க எஞ்சின் ஆயிலையும் துளித்துளியாக உள்ளே விட வேண்டும், அதுவும் எரிந்துபோகும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் மாஸ்டா விற்பனை சரிந்து விழுந்தது. சுமிடோமோ வங்கி தூக்கிப் பிடிக்காவிட்டால் கம்பெனி அன்றோடு முடிந்திருக்கும். ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஷோரூம்களுக்குப் போய் வீடு வீடாகக் கார் விற்றார்கள். அப்போதாவது ரோட்டரியை விட்டார்களா என்றால், இல்லை. தாகத்தைக் குறைத்து 1978இல் ஆர்எக்ஸ்-7 விட்டார்கள். மூன்று தலைமுறையாக 8 லட்சத்துக்கு மேல் விற்றது. இதைப் பிடிவாதம் என்பதா முட்டாள்தனம் என்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கொஞ்சம் இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

இந்தப் பிடிவாதத்துக்குக் கூலி கிடைத்த நாள் 1991 ஜூன் 23. பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். மாஸ்டா 787பி, எண் 55, ஆரஞ்சும் பச்சையும் கட்டம் போட்ட வண்டி. பின்னால் நாலு ரோட்டார், சுமார் 700 குதிரைத்திறன். மாஸ்டா ஓடிய பிரிவில் வண்டிகளுக்கு எரிபொருள் அளவு நிர்ணயித்திருந்தார்கள். குடிகார எஞ்சினுக்கு மிகப் பொருத்தமில்லாத விதி! ஆனால் மாஸ்டாவுக்கு வேறொரு சலுகை கிடைத்திருந்தது: அதன் எடை 830 கிலோ, மெர்சிடிசும் ஜாகுவாரும் 1000 கிலோ. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் மூன்று மணி நேரம் மிச்சமிருக்கும்போது சூடேறி நின்றது. மாஸ்டா 362 சுற்று முடித்து ஜெயித்தது. ஜப்பானியக் கார் ஒன்று லெ மானில் ஜெயித்தது அதுதான் முதல் முறை. அடுத்தது 27 வருடம் கழித்து, 2018இல் டொயோட்டா. கடைசியில் வண்டி ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீர் வற்றி மயங்கிப்போனதால் பரிசு மேடைக்கே வரவில்லை. அவரோடு மாறி மாறி ஓட்டிய வோல்கர் வைட்லரும் பெர்ட்ரண்ட் காஷோவும் அவரில்லாமல் நின்றார்கள்.

"ஜெயித்ததால் பொறாமையில் ரோட்டரியைத் தடை செய்தார்கள்" என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. நானும் வெகுகாலம் நம்பினேன். நடந்தது அவ்வளவு நாடகமாக இல்லை. எல்லாரும் 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு மாற வேண்டும் என்ற விதி மாற்றம் அதற்கு முன்பே முடிவானது. அந்த வண்டிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று தெரிந்தேதான் வந்தார்கள்.

ரோட்டரி இல்லாத மாஸ்டா ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் எழுபதுகளின் பிற்பகுதியில் யமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார்: பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி, கூரை திறக்கிற, லேசான, மலிவான இரண்டு இருக்கை வண்டியை இப்போது யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்களேன். அந்த விதை 1989இல் எம்எக்ஸ்-5 ஆக முளைத்தது. 1.6 லிட்டர் சாதாரணப் பிஸ்டன் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. வேகத்தில் பெரிய சூரன் இல்லை. ஆனால் ஓட்டியவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அதன் பொறியாளர்கள் வைத்துக்கொண்ட இலக்கு "ஜின்பா இத்தாய்", குதிரையும் வீரனும் ஒரே உடல் ஆவது. ஓடும் குதிரையில் இருந்தபடி அம்பு எய்பவன் கடிவாளத்தைப் பற்றி யோசிப்பதில்லை அல்லவா, அப்படி ஸ்டீரிங் கையில் இருப்பதே மறந்துபோக வேண்டும். 2016இல் பத்து லட்சமாவது வண்டி ஆலையிலிருந்து வந்தது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் உலக சாதனை அதுதான்.

ஃபோர்டு கம்பெனி பெரும் பங்கு வாங்கி, 1996இல் வெளிநாட்டுத் தலைவரையே உட்காரவைத்து, பிறகு படிப்படியாக விற்றுவிட்டுப் போன கதையும் உண்டு. கணக்கு வழக்குப் பிரியர்களுக்கு அது சுவை; நான் தாண்டிப் போகிறேன். இன்று மாஸ்டா வருடத்துக்கு 12, 13 லட்சம் கார் செய்கிறது. டொயோட்டா ஒரு கோடி. ஒப்பிட்டால் தம்பிக்கும் தம்பி.

இந்தியாவில் மாஸ்டா கார்கள் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயர் நமக்குப் புதிதில்லை. எண்பதுகளில் பஞ்சாப்பில் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய ஸ்வராஜ் மாஸ்டா வேன்களும் மினி பஸ்களும் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளைச் சுமந்திருக்கும்! பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நாங்கள் போனது அப்படி ஒரு வேனில்தான். அதில் இருந்தது டீசல் பிஸ்டன் எஞ்சின். அதன் சத்தத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பேசுவது கேட்காது.

சரி, மருமகன் கேள்விக்கு வருகிறேன். ஆர்எக்ஸ்-8 2003இல் வந்தது, 2012இல் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் ரோட்டரியே கிடையாது. 2023இல் எம்எக்ஸ்-30 என்ற காரில் ஒற்றை ரோட்டாராகத் திரும்பி வந்தது, ஆனால் சக்கரத்தைச் சுற்ற அல்ல; மின்சார மோட்டாருக்குப் பேட்டரி நிரப்பும் ஜெனரேட்டராக. அளவில் சிறிது, அதிர்வு இல்லை, ஒரே வேகத்தில் ஓடினால் போதும் என்பதால் அந்த வேலைக்கு ரோட்டரி பொருத்தம்தான். ரசிகர்களில் பாதிப் பேருக்கு மகிழ்ச்சி, மீதிப் பேருக்குச் சிங்கத்தைக் கோழிக்கூண்டுக்குக் காவல் வைத்த மாதிரி வருத்தம்.

அவனிடம் சொன்னது இதுதான். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்த முனை சீல்கள். தேய்ந்தால் அறைகளில் அழுத்தம் நிற்காது, எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வாங்கும் முன் ரோட்டரி தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எஞ்சின் சூடாக இருக்கும்போது ரோட்டாரின் மூன்று பக்கத்துக்கும் தனித்தனியாக அழுத்தம் அளக்கச் சொல். சாதாரணக் காருக்கு வைத்திருக்கும் மீட்டரால் இது முடியாது. இரண்டு தடவை பெட்ரோல் போடும்போது ஒரு தடவையாவது ஆயில் பார். குறைந்திருந்தால் பதறாதே, அது குடிக்கத்தான் செய்யும். வண்டியை இடம் மாற்றி நிறுத்துவதற்காக ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து குளிரிலேயே அணைத்துவிடாதே, எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி மறுநாள் கிளம்பாது. சூடான பிறகு அவ்வப்போது 9000 வரை விரட்டு, அதற்கு அது பிடிக்கும், உள்ளே படிந்த கரியும் போகும்.

"பெட்ரோல் எவ்வளவு தரும் மாமா?" என்றான்.

"அம்மாவிடம் சொல்லாதே," என்றேன்.